ஆறு என்று எழுதிய அட்டை

1

போன கிழமை ஒரு நாள் காலை, குடிசனக் கணக்கு எடுக்கிற உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மலாய்க்காரர், நல்ல மரியாதையானவர். கக்கத்தில் ஒரு மட்டை, காதில் ஒரு பென்சில். செருப்பைக் கழற்றிவிட்டு, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார். கேள்வி அவ்வளவுதான்.

பினாங்குத் துறைமுகத்தில் இருபது வருஷமாக மூட்டை எண்ணி எழுதுகிறவன் நான். யாழ்ப்பாணத்தில் நீங்கள் இந்த உத்தியோகத்தைக் கிளாக்கர் என்பீர்கள், இங்கே கிராணி என்பார்கள். பக்கத்தில் இடி விழுந்தாலும் எண்ணிக்கையில் பிழை விடமாட்டேன் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்படிப்பட்டவன் சொந்த வீட்டுத் தலைகளை எண்ணிச் சொல்ல முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குசினிக்குள்ளிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ஆறு எண்டு சொல்லுங்கோ."

இந்த ஊரில் எல்லோருக்கும் மற்றவர் பாஷையில் எண்ணுவது கொஞ்சம் தெரியும். அவர் நான் சொல்லும்வரை காத்திராமல் 6 என்று எழுதிக்கொண்டார். ஆனால் நாங்கள் ஐந்து பேர்தான். நான், மனைவி, மகள் மங்கை, அவளுக்கு இளைய பொடியன்கள் இரண்டு பேர்.

யுத்தம் முடிந்து கடிதங்கள் போய்வரத் தொடங்கியபோது, ஜப்பான்காரன் காலத்தில் எப்படி இருந்தீர்கள் என்று நீங்கள் எல்லோரும் கேட்டு எழுதினீர்கள். "கடவுள் கிருபையால் சுகமாக இருந்தோம்" என்று ஒரே வசனத்தை எல்லோருக்கும் எழுதிப் போட்டேன். அது பொய். மூன்றரை வருஷமும் நான் பயந்துகொண்டே இருந்தேன். எதற்குப் பயந்தாய் என்று கேட்டால் குண்டுக்கு, பட்டினிக்கு என்று சொல்லலாம். அவற்றுக்கும் பயந்தேன். ஆனால் எல்லாவற்றையும்விட ஓர் எண்ணுக்குப் பயந்தேன். அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

2

ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றையும் மாற்றினான். தீவுக்கே புதுப் பெயர் வைத்தான். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளினான். அவனுடைய கணக்கில் வருஷம் 2602 ஆகிவிட்டது. நான் வேலை செய்த கந்தோர்க் கதவில் தொங்கிய பலகையில் எனக்குத் தலையும் காலும் தெரியாத எழுத்துகள். மங்கைக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் புதுப் பாட்டு, புது வணக்கம், புது மொழி.

ஆனால் அந்த 2602ஐ நான் வாசித்தேன். அது என்ன கணக்கு என்று விளங்கவில்லை, இலக்கம் மட்டும் விளங்கியது.

கந்தோரில் முதல் நாள் புது அதிகாரி என் பேரேட்டைத் திறந்தார். நான் இங்கிலீஷில் எழுதியது. அவருக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் விரலை இலக்கங்களின் மேல் வைத்து, மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்து, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்து, கூட்டுத்தொகையில் நிறுத்தித் தலையை ஆட்டினார். கணக்குச் சரி. எனக்கு அப்பாடா என்றிருந்தது. உத்தியோகம் தப்பியது. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. நான் என்ன பேசினாலும் விளங்காத ஒருவன், நான் எழுதியதைச் சரிபார்த்துவிட்டானே.

முந்தி நான் இந்த இலக்கங்களைப் பற்றிப் பெருமையடிப்பதுண்டு. இவை எங்கள் பக்கத்தில் பிறந்தவை, அரபிக்காரன் வாங்கிக்கொண்டு போனான், வெள்ளைக்காரன் அவனிடம் வாங்கினான், கப்பலேறி இங்கே வந்தன என்று தேத்தண்ணிக் கடையில் பிரசங்கம் செய்வேன். எங்கள் வீட்டுக்கு எதிரே கரிக்கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே ஆ ஹொக், சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய வழி வேறு. ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு கோடு, மூன்றுக்கு மூன்று கோடு. ஜப்பான்காரன் சுவரில் ஒட்டிய அறிவித்தல்களில் அதே கோடுகள் இருந்தன. "எழுத்து எங்களுது, சத்தம்தான் அவனுது" என்றார் ஆ ஹொக். பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலாகச் சொன்னார்.

சத்தமும் அவ்வளவு தூரமில்லை. மங்கை அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், கயிறு அடித்துத் தாண்டும்போது இச்சி, நி, சான், ஷி, கோ, ரோக்கு என்று எண்ணுவாள். ஆ ஹொக்கின் மகள்கள் இட், ஜி, சா, சி, கோ, லாக் என்று எண்ணுவார்கள். இரண்டும் ஒரே கயிற்றில் பிழையில்லாமல் ஓடும். பத்துக்குமேல் போனால் ஜப்பான்காரனும் சீனனும் பத்து-ஒன்று என்கிறார்கள். நாங்கள் பதினொன்று என்கிறோம், அதுவும் பத்தும் ஒன்றும்தான். மலாய்க்காரரும் பத்தில்தான் திரும்புகிறார்கள். ஒருவரை ஒருவர் கண்டிராத சனங்கள் எல்லாம் பத்தில் வந்து நிற்பது ஏன் என்று யோசித்தேன். கையைப் பார்த்தேன். வேறென்ன, எல்லோருக்கும் விரல் பத்து.

அந்த விரலை மடக்குவதில்தான் வித்தியாசம். நாங்கள் பெருவிரலால் விரற்கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவோம். ஆ ஹொக் ஆறு என்று காட்ட இரண்டாவது கையைத் தேடமாட்டார். நடு மூன்று விரலையும் மடக்கி, பெருவிரலையும் சின்ன விரலையும் மாத்திரம் நீட்டுவார். அது அவர்களுக்கு ஆறு.

மங்கைக்கு இப்போது பதின்மூன்று வயது. படி ஏறும்போது தன்னை அறியாமல் இன்னும் இச்சி, நி, சான் என்றுதான் எண்ணுகிறாள். சின்னவன் கோலிக்குண்டை மலாயில் எண்ணுகிறான், பள்ளிக்கூடக் கணக்கை இங்கிலீஷில் போடுகிறான், தமிழில் பத்தொன்பது சொல்லச் சொன்னால் என் முகத்தைப் பார்த்து முழிக்கிறான். அவனைத் திட்டுவேன். மங்கையைத் திட்டுவதில்லை. அவள் எண்ணுவது காதில் விழுந்தால் எழும்பிப் போய்விடுவேன்.

3

பங்கீட்டு அரிசிக்கு வீடு வீடாகத் தலை எழுதினார்கள். எங்கள் வரிசைக்குப் பொறுப்பாக ஆ ஹொக்கைப் போட்டிருந்தார்கள். அவர் கேட்டு வாங்கிய பதவி இல்லை. மறுத்திருந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த வருஷத் தொடக்கத்தில் அவருடைய தம்பியை வரிசையில் நிறுத்தி, எண்ணி, லொறியில் ஏற்றினார்கள். திருப்பி அனுப்பவில்லை.

அவர் அட்டையோடு வந்த நேரம் நான் கந்தோரில். மனைவி அடுப்படியில். "அம்மா, எத்தனை பேர் சாப்புடுறது?" என்று கேட்டிருக்கிறார். இவள் ஆறு என்றாள்.

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. இவள் உலையில் அரிசி போடுவது தலைக்கு ஒரு பிடி. கடைசியில் வாறவைக்கு என்று இன்னொரு பிடி. ஊரிலும் அப்படித்தான் போட்டாள், இங்கே வந்தும் அப்படித்தான். யார் வருவார்கள், வருவார்களா என்றெல்லாம் பார்ப்பதில்லை. எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் ஐந்து என்றிருப்பாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதால் கையிலிருந்த கணக்கைச் சொல்லிவிட்டாள். அவர் 6 என்று எழுதினார், மேலே சிவப்பு முத்திரை விழுந்தது.

பின்னேரம் அட்டையைப் பார்த்த உடனே எனக்குப் பிழை தெரிந்துவிட்டது. ஒரு மூட்டை கூடினாலும் குறைந்தாலும் முதலிலிருந்து எண்ணவைக்கிறவன் நான். அன்றைக்கு அட்டையை மடித்து அலமாரிக்குள் வைத்தேன். ஆறாவது ஆளின் அரிசியைப் பிள்ளைகள் தின்னட்டும் என்று நினைத்தேன். மரவள்ளிக் கிழங்கைத் தின்று சின்னவனின் கால் குச்சியாகிக்கொண்டிருந்தது. நான் செய்தது களவு என்று தெரிந்தே செய்தேன்.

அன்று தொடங்கிய பயம். கந்தோரில் யாராவது "ஆறு" என்று கூப்பிட்டாலும் கை நின்றுவிடும். எங்கள் பழைய பஞ்சாங்கத்தில் ஆறை ௬ என்று போட்டிருக்கும். அட்டையில் அப்படி எழுதியிருந்தால் மலாய்க்காரனுக்கும் தெரியாது, சீனனுக்கும் தெரியாது, ஜப்பான்காரனுக்கும் தெரியாது, நானே ஐந்து என்று வாசித்துக் காட்டியிருப்பேன் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். உலகமெல்லாம் விளங்குகிற இலக்கம் என்று பெருமையடித்த வாய்தான். அந்த 6ஐத் தெருவில் போகிற எவனும் வாசிப்பான். ஒளிக்க இடமில்லை.

4

ஒன்பது மாதம் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் பின்கதவில் ஒருத்தி வந்து நின்றாள். கடலுக்கு அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். இந்தியாவிலிருந்து வந்த சனம். கால் இரண்டும் வீங்கியிருந்தன, உடுத்திருந்தது பாதி சேலை, பாதி சாக்கு. மனைவி ஆறாவது பிடிச் சோற்றைக் கொடுத்தாள். அடுத்த நாளும் வந்தாள். பிறகு எங்கள் பின்பக்க விறகுக் கொட்டிலில் படுக்கத் தொடங்கினாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நாங்கள் என்ன ஆட்கள், அவள் என்ன ஆள் என்ற எண்ணம் எனக்கு வலுவாக இருந்தது. குசினிப் படியைத் தாண்டக்கூடாது என்று சொல்லி வைத்தேன். தகரத் தட்டு ஒன்றை அவளுக்கென்று ஒதுக்கினோம். நான் பின்பக்கம் போனால் எழும்பி ஒதுங்கி நிற்பாள். ஒரு சொல் பேசியதில்லை.

அவளோடு பேசியது மனைவியும் மங்கையும்தான். அவர்கள் சொல்லித்தான் கதை தெரியும். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் பதிவதைப் பெரட்டு என்பார்கள். ஒரு நாள் பெரட்டில் ஆண்களை எண்ணியிருக்கிறார்கள். எண்ணி முடிந்ததும் லொறி வந்திருக்கிறது. பிறை ஸ்டேஷனில் ரயில் ஏற்றி, சயாமில் தண்டவாளம் போடக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் அவளுடைய புருஷனும் ஒருவன். அடுத்த எண்ணிக்கை நடக்குமுன் இவள் தோட்டத்தை விட்டு ஓடிவந்தாள்.

"எண்ணுனா கூட்டிக்கிட்டுப் போயிருவாங்கம்மா" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். மங்கை கயிறு அடிக்கும்போது எண்ணினால்கூடக் கொட்டிலுக்குள் போய்விடுவாளாம்.

5

இன்னும் ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் ஆ ஹொக் உள்ளே வந்தார். வெற்றிலை போடாமல் அவர் வாயை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வாய் காய்ந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, நடுவிரல்களை மடக்கி அந்த ஆறைக் காட்டினார்.

"கிராணி, ஒன் வூட்டு ஆறு எங்க?"

எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் "என்ன தவுக்கே?" என்றேன்.

"நாளைக்குக் காலையில ஜப்பான்காரன் வர்றான். அட்டையில இருக்குற தலைய நேர்ல எண்ணுவான். ஒரு தலை கொறஞ்சா சயாமுக்குப் பயந்து ஓடிட்டான்னு எழுதுவான். வூட்டுக்காரன் ஒன்னு, நான் ஒன்னு, ரெண்டு பேரும் லொறியில போவணும்."

"தவறி எழுதிட்டேன்னு சொல்லிப் பாருங்களேன்."

"பதினாலு மாசம் அரிசி வாங்குனே. தப்புன்னு இன்னைக்கா தெரிஞ்சுது?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, கிராணி" என்றார். என் களவுக்கு இந்த மனிதரின் தலை பிணை நிற்கிறது என்பதை அதுவரை நான் நினைத்தே பார்க்கவில்லை.

அவர் போனபிறகு மனைவி என் முன்னால் வந்து நின்றாள். "ஆறாவது ஆள் பின்னுக்கு இருக்கிறாள்தானே" என்றாள்.

"அவளையா? எங்கட ஆக்களோட வரிசையிலயா?"

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. உயிர் போகிற நேரத்திலும் என் வாயில் வந்தது அதுதான்.

"முதல் ஒன்பது மாசம் அந்தப் பிடியை எங்கட பிள்ளையள் திண்டதுகள். பிறகு அவள் திண்டாள். அட்டையில இருக்கிறது அவளின்ர தலைதான்" என்றாள் மனைவி. "நான் சொன்னா வருவாள். ஆனா நான் சொல்ல மாட்டன். நீங்கள் போய்க் கேளுங்கோ."

போனேன். அவள் வழக்கம்போல எழும்பி ஒதுங்கினாள். நாளைக்கு எங்களோடு நிற்க வேண்டும், எண்ணுவார்கள் என்றேன். எண்ணுவார்கள் என்ற சொல்லைக் கேட்டதும் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணிட்டு லொறி வருமாங்க?"

"தெரியாது" என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

"அம்மா சோறு போட்டாங்க. நிக்கிறேங்க" என்றாள்.

6

காலையில் அஞ்சடியில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஓர் அதிகாரி, ஒரு சிப்பாய், மொழிபெயர்க்க ஒரு மலாய்க் கிராணி, தலையைக் குனிந்தபடி ஆ ஹொக். மனைவி தன் சேலை ஒன்றை அவளுக்கு உடுத்தியிருந்தாள்.

சிப்பாய் ஒவ்வொரு தோளிலும் விரலை வைத்து எண்ணினான். இச்சி, நான். நி, மங்கை. சான், ஷி, பொடியன்கள். கோ, மனைவி. கடைசித் தோளுக்கு விரல் போன அந்தக் கணத்தில் அவள் ஓடிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். ஓடியிருந்தால் சுட்டிருப்பான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"ரோக்கு."

அதிகாரி அட்டையைப் பார்த்தார். 6. மூச்சு விட்டேன். அவசரப்பட்டு விட்டேன். மலாய்க் கிராணி பேர்களைக் கேட்டார். என் பேர், மனைவி பேர், பிள்ளைகள் பேர் எல்லாம் சொன்னேன்.

"இவள் பேர்?"

எனக்குத் தெரியாது. ஐந்து மாதமாக என் வீட்டுச் சோற்றைத் தின்றவள். "அவள்" என்று சொல்லியே ஐந்து மாதத்தை ஓட்டியிருக்கிறேன். அதிகாரியின் பார்வை அட்டையிலிருந்து என் முகத்துக்கு வந்தது. ஆ ஹொக்கின் கழுத்து நரம்பு துடித்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

"மருதாயிங்க" என்றாள் அவள். கண்ணைத் திறந்திருந்தாள். "இவரு எங்க அண்ணே."

மலாய்க் கிராணி என் சப்பாத்தைப் பார்த்தார். அவளுடைய வெடித்த பாதங்களைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. இந்த நாட்டில் யாழ்ப்பாணத்துக் கிராணி யார், தோட்டத்து ஆள் யார் என்று எந்த மலாய்க்காரனுக்கும் தெரியும். "உன் தங்கச்சியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம். தங்கச்சி" என்றேன்.

அவர் அதை ஜப்பான் மொழியில் சொன்னார். பதில் சொல்லச் சுணங்கியதற்காக அதிகாரி என் கன்னத்தில் அறைந்தார். பிறகு 6க்குப் பக்கத்தில் ஒரு கீறல் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். லொறி வரவில்லை. அந்த அறையை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக நின்றவன் நான்.

அன்று மனைவி ஆறு சோற்றுக் கோப்பையையும் உள்ளே வரிசையாக வைத்தாள். மருதாயி குசினிப் படியில் நின்றுவிட்டாள். நான் "உள்ள வா" என்றேன். வந்து இருந்தாள். ஆனால் சோற்றில் கை வைக்கவில்லை. மங்கை பிசைந்து ஊட்டினாள்.

7

சமாதானம் வந்தபிறகு சயாமுக்குப் போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கினார்கள். பிறைக்கு ரயில் வருகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் காலை முதல் பெரிப் படகில் மருதாயி அக்கரைக்குப் போனாள். "பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன் அண்ணே" என்றாள்.

வரவில்லை. பிறை ஸ்டேஷனில் கேட்டேன். பாகான் டாலாமில் தமிழர் வீடுகளில் கேட்டேன். சுங்கை பாக்காப் தோட்டத்துக்கே போய்ப் பெரட்டுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். போனவர்களின் பேரெல்லாம் இலக்கம் போட்டு இருந்தது. அவளுடைய புருஷனின் பேரும் இருந்தது. திரும்பியவர்களுக்குப் புத்தகம் இல்லை. கொண்டுபோகும்போது எண்ணினார்கள், திரும்பும்போது எண்ண ஒருவரும் இருக்கவில்லை என்றார் அங்குள்ள கிராணி.

மனைவி இன்றும் ஆறு பிடி போடுகிறாள். அந்தப் பிடிக்கு இப்போது ஒரு பேர் இருக்கிறது.

போன கிழமை வந்த உத்தியோகத்தர் 6 என்று எழுதியபிறகு பேர்களைக் கேட்டார். ஐந்து பேரைச் சொன்னேன். ஆறாவது பேரைக் கேட்டபோது இந்தத் தரம் நான் சுணங்கவில்லை. "மருதாயி. தங்கச்சி" என்றேன்.

"இப்போது வீட்டில் இருக்கிறாரா?"

"இல்லை. அக்கரைக்குப் போனவள். இன்னும் வரவில்லை."

எப்போது போனார் என்று கேட்டார். சொன்னேன். "ஐயா, வீட்டில் இருக்கிறவர்களைத்தான் நான் எழுதலாம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, 6ஐ வெட்டி 5 என்று எழுதினார். அவர் மேல் பிழையில்லை. அதுதான் சரியான எண்ணிக்கை. இருபது வருஷக் கிராணி என்ற முறையில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் அவர் வெட்டியபோது, யாரையோ என் கண் முன்னால் லொறியில் ஏற்றுவதுபோலப் பயந்துவிட்டேன்.

அவர் தெருவைக் கடந்து ஆ ஹொக்கின் கடைக்குப் போய், கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தார். ஆ ஹொக் கரிக் கையைத் துடைத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்து, நடு மூன்று விரலையும் மடக்கி, பெருவிரலையும் சின்ன விரலையும் நீட்டினார். ஆறு என்று எழுதினானா என்று கேட்கிறார்.

நான் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். கையை இறக்காமல் அதே ஆறைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அவருடைய ஆறை நான் ஒருபோதும் காட்டியதில்லை. விரல்கள் மடங்க மறுத்தன, மற்றக் கையால் பிடித்து மடக்க வேண்டியிருந்தது. மடக்கிக்கொண்டு தெருவுக்கு இந்தப் பக்கம் நான் உயர்த்திக் காட்டியபிறகுதான் அவர் கையை இறக்கினார்.